என் முதல் புருஷன் செத்த படம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படம் தொடங்கும்போது ‘இது உண்மைக் கதை’ என்று எழுத்து விழுந்தாலே நான் அங்கே இருக்கமாட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு இது தெரியும். புதிதாக வந்த சின்ன மருமகளுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, உண்மைக் கதையை வைத்து எடுத்த படங்களில் தங்களுக்குப் பிடித்தது எது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னையும் கேட்டுவிட்டாள்.

“ஒரே ஒரு படம்தாம்மா. பேரு தெரியாது. நான் இன்னும் பாக்கல.”

“பாக்காத படம் எப்படி அத்தை பிடிக்கும்?”

“அதுல நான்தானே கதாநாயகி.”

அவள் வாய்க்குக் கொண்டுபோன முறுக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. என் பெரிய மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்பா எத்தனாவது புருஷன்னு கேளு” என்று அவளுக்கு எடுத்துக் கொடுத்தான். (பத்து மாசம் சுமந்து பெத்ததுக்கு நல்ல கைம்மாறு.) ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தது இதுதான் என்று நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாயாவில், மந்தினிலிருந்து ஆறு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் ஆட்சி, கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, பால்மரம் வெட்டப் போகிற எங்களைக் காலையில் அந்தக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி கொண்டு போக முடியாது. ஒருநாள் கறுப்புக் கோப்பியில் போட்டுக் குடிக்க மடியில் கொஞ்சம் சீனி முடிந்து வைத்திருந்தேன். கேட்டில் சோதனை போடும் பொம்பளை அதை உருவிப் பிரித்து, என் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினாள். அந்தச் சீனியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கோவிந்தன். கோலா பிலா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். எங்கள் ஸ்டோரில் ரப்பர் ஷீட் ஏற்ற வந்தபோது ஒரு தடவை அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், நிறைந்த பால் வாளி இரண்டையும் இறக்கி வைக்காமல் கால் மணி நேரம் அப்படியே நின்று பார்த்தேன். தோள்பட்டை கழன்றுபோனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் நாண்டுகொண்டு சாவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பரிசம் போடுவது மட்டும்தான் பாக்கி.

இந்த நேரம் பார்த்துத்தான் படக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் கவர்மெண்டு வேனில் படத்தைக் கொண்டுவந்து, தோட்டம் தோட்டமாகத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். அதற்காக ஒரு சின்னப் படம் எடுக்க வந்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், காமிராவோடு இரண்டு பேர். எங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், யாழ்ப்பாணத்துக் கிராணியார்தான் அவர் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். கதை இதுதான்: ஒரு பால்மரம் வெட்டுகிறவனுக்குக் கல்யாணம் நடக்கிறது. காட்டிலிருந்து வந்தவர்கள் அவனிடம் அரிசி கேட்கிறார்கள். அவன் தரமாட்டேன் என்கிறான். சுட்டுவிடுகிறார்கள். பெண்டாட்டி அவன் மேல் விழுந்து அழுது தாலியை அறுக்கிறாள். எங்கேயோ நிஜமாக நடந்ததாம்.

புருஷனாக நடிக்க முனுசாமி அண்ணனைப் பிடித்தார்கள். அவர் எங்கள் லயத்தில் அடுத்த வீடு, தோட்டத்து மேளக்காரர், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவர் சம்சாரம் பாக்கியம் அக்கா அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தார். பெண்டாட்டியாக நடிக்க முதலில் வேறொருத்தியைத்தான் நிறுத்தினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கெக்கெக்கே என்று சிரிப்புத்தான் வந்தது. “வேறு ஆர் அழுவீங்கள்?” என்று கிராணியார் கேட்டார்.

நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். கண்ணை மூடினேன். சாக்கடையில் போன என் சீனியை நினைத்தேன். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டிவிட்டது. வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“பிள்ளை, இப்ப அழ வேண்டாம். மிச்சம் வைச்சுக்கொண்டு பிறகு அழும்” என்றார் கிராணியார். “இன்னொண்டு. இது கட்டுக்கதை இல்லை, உண்மையாய் நடந்தது. ஆனபடியால் நடிக்கக் கூடாதாம், உண்மையாய் இருக்க வேணுமாம்.”

இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. தாலிக்கு என்று அவர்கள் ஒரு ஜிகினாச் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். எனக்கு அதிர்ச்சியாகப் போய்விட்டது. “என்னங்கய்யா இது? உண்மைக் கதைன்னுட்டு, இந்தக் கருமத்தக் கட்டினா ஊரு சிரிக்காதா?” என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடினேன். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போயிருந்தாள். நூலை எடுத்து மஞ்சளை அரைத்துப் பூசி, நடுவில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கொண்டுவந்தேன். எங்கள் ஆட்களில் பொன்தாலிக்கு வழியில்லாதவர்கள் அதைத்தான் கட்டுவார்கள். அதுவும் தாலிதான், முழுத் தாலி. இது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் புத்தி அன்றைக்கு லீவு எடுத்திருந்தது.

மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து முனுசாமி அண்ணன் கட்டினார். ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் போதும். எத்தனை கல்யாணத்துக்கு மேளம் அடித்தவர், கை தன்னால் மூன்று முடிச்சும் போட்டுவிட்டது. அட்சதைக்கு அரிசி ஏது, செம்பருத்தி இதழைப் பிய்த்து எறிந்தார்கள். மத்தியானத்துக்குள் அவர் சுடப்பட்டுச் செத்தார். நான் அழுதேன் பாருங்கள், அப்படி ஓர் அழுகை! தாலியைப் பிடுங்கி அறுத்தபோது காமிராக்காரரே மூக்கைச் சிந்தினார். சாயங்காலம் அந்த அறுந்த கயிற்றைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒரு கதாநாயகியின் ஞாபகப் பொருள் அல்லவா! என் தகரப் பெட்டியில், பாவாடைக்கு அடியில், பத்திரமாக வைத்துப் பூட்டினேன்.

இரண்டு மாதம் போனது. பரிசம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்து லோரியில் பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்து, ஊரடங்குக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். நான் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உள்ளே கதவு இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

லோரி வந்தது. தட்டு இல்லை. வெற்றிலை பாக்கு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி இறங்கினார். பின்னால் இன்னும் இரண்டு பொம்பளைகள் அதே கோலத்தில்.

“அய்யோ, என் தாயே! இப்படி ஆயிருச்சே!”

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். அழுதுகொண்டு ஒருவர் வாசலுக்கு வந்தால், முதலில் கூடச் சேர்ந்து அழவேண்டும். யார், என்ன என்று கேட்பதெல்லாம் பிறகுதான். என் அம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அங்கம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் ஒப்பாரி வைத்தார்கள். லயமே திரண்டுவிட்டது. என் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

அழுது ஓய்ந்த பிறகுதான் அம்மா மெதுவாகக் கேட்டாள். “யாரு சம்பந்தி?”

“யாருன்னா கேக்கிற? உன் மருமகன்தாண்டி!”

அம்மாவுக்கு இருந்தது நான் ஒரே பெண். வரவேண்டிய மருமகன் ஒரே மருமகன். அந்த மருமகன் லோரியைப் பூட்டிவிட்டு, சாவியைச் சுற்றிக்கொண்டு, அங்கம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், அங்கம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“செவ்வாய்க்கிழமை எங்க திடல்ல படம் காட்டினாங்க” என்றார் அங்கம்மா. “உன் மக கல்யாணத்தையும் பாத்தேன், அவ புருஷன் குண்டடி பட்டதையும் பாத்தேன். பச்சப் புள்ள தாலி அறுத்தத எப்படிப் பாத்துட்டு இருக்கிறது? நாலு நாளா ஒரு வாய் சோறு இறங்கல.”

“அய்யோ, அது நடிப்புங்க!” என்றார் அப்பா.

“யாருகிட்ட? உண்மையா நடந்த கதைன்னு மைக்ல மூணு வாட்டி சொன்னான்! கவர்மெண்டு வேனு, பொய் சொல்லுமா?”

“நானும் நடிப்புன்னுதான் சொன்னேன்லா, கேட்டாத்தானே” என்றார் கோவிந்தன். அவர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

அங்கம்மா என்னை வெளியே இழுத்து என் கன்னத்தைத் தடவினார். “எனக்கும் பதினெட்டு வயசுல இப்படித்தான் ஆச்சு. மொத புருஷன் மரம் விழுந்து செத்தாரு. அப்புறம்தான் இவன் அப்பனுக்கு என்னைய அறுத்துக் கட்டினாங்க. நான் உன்ன வேணாம்னா சொல்லப் போறேன்? மறைச்சதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

புருஷனை இழந்தவளுக்கு மறுதாலி கட்டுவது எங்கள் ஆட்களில் இருந்த வழக்கம். அதைத்தான் அறுத்துக் கட்டுவது என்பார்கள். எனக்கு மூச்சு வந்தது. சரி, விதவையாகவாவது இவரைக் கட்டிக்கொள்கிறேன், விளக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவைத்தேன். (சீனி எப்போதும் கைகொடுக்கும்.)

அந்த நேரம் பார்த்து, “எல்லாரும் கோப்பி எடுத்துக்குங்க” என்று ஒரு குரல்.

எங்கள் வீட்டில் அடுப்பு போதாது என்று அம்மா பாக்கியம் அக்காவிடம்தான் கோப்பி போடச் சொல்லியிருந்தாள். அக்கா போட்டுக் கொடுத்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, முனுசாமி அண்ணன் வந்து நின்றார். நேராகப் போய் அங்கம்மாவின் முகத்துக்கு முன்னால் தட்டை நீட்டினார்.

அங்கம்மாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமே இல்லை. கூட வந்த பொம்பளைகளில் ஒருத்தி லோரியைப் பார்த்து ஓடினாள், இன்னொருத்தி மயங்கி என் அப்பா மேல் சாய்ந்தாள். கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முனுசாமி அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ பார்த்துத்தான் பயப்படுகிறார்கள் என்று.

“இவரு... இவரு...”

“நான் முனுசாமிங்க. பக்கத்து வீடு. சீனி கொஞ்சம் கம்மி, மன்னிச்சுக்குங்க.”

தண்ணீர் தெளித்து எழுப்பி, எல்லாரும் சேர்ந்து சொல்லிப் புரிய வைத்தோம். இவர் சாகவில்லை, யாரும் சுடவில்லை, இரத்தம்கூடச் சிவப்பு மை என்று. அங்கம்மா கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு யோசித்தார். பிறகு ஒன்று கேட்டார் பாருங்கள்.

“அப்ப புருஷன் உசிரோட இருக்கான்! புருஷன் உசிரோட இருக்கிறவளையா என் மகனுக்குக் கட்டப் பாத்தீங்க?”

என் கல்யாணம் என் கண் முன்னாலேயே லோரி ஏறிப் போகப் பார்த்தது. ஏதாவது செய்யவேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் வீட்டில் இப்போதுகூட எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.) உள்ளே ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கயிற்றை எடுத்து வந்தேன்.

“இதப் பாருங்க அத்தை! இதுதான் அது. வெறும் நூலு. நானே செஞ்சது!”

அங்கம்மா கையில் வாங்கிப் பார்த்தார். மஞ்சள் பூசிய நூல். விரலி மஞ்சள். மூன்று முடிச்சு. அறுந்த இரண்டு முனை.

“இது தாலிடி” என்றார் மெதுவாக.

என் அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பளார் என்று ஓர் அறை விட்டாள். பாக்கியம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். படத்தில் ஜிகினாச் சங்கிலி கட்டியதாகத்தான் அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார்.

“மஞ்சக் கயிறா? மூணு முடிச்சா? அம்மன் வாசல்ல வச்சா?” அக்காவின் குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஏறியது. “கட்டினதுதான் கட்டின, அவரு உசிரோட இருக்கிறப்ப அறுத்து வேற வச்சிருக்கியே பாவி! என் புருஷனுக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“எனக்கு ஒண்ணும் ஆகல பாக்கியம்” என்றார் அண்ணன்.

“நீ வாய மூடு! உன்ன அப்புறம் வச்சிக்கிறேன்!”

எனக்குக் கன்னம் எரிந்தது, காது அடைத்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையாக இரு என்றார்கள், இருந்தேன், இது ஒரு குற்றமா? அன்றைக்கு வந்ததுதான் நிஜ அழுகை. சீனி ஞாபகமே வரவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவும் தைரியமில்லை. தரையில் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே தேம்பினேன்.

அந்தச் செருப்பு இரண்டடி முன்னால் வந்தது.

“அம்மா, நம்ம ஆளுங்கள்ல அறுத்துக் கட்டுற வழக்கம் உண்டுதானே?” என்று கேட்டார் கோவிந்தன்.

“உண்டு. நானே இருக்கேனே.”

“புருஷன் உசிரோட இருந்தா?”

“அது ஏது?”

“அப்ப அண்ணன் செத்தவராவே இருக்கட்டும்லா. கவர்மெண்டே மூணு வாட்டி மைக்ல சொல்லிருச்சு. தாலியும் அறுத்தாச்சு, நீயும் வந்து அழுதாச்சு. இனி என்ன பாக்கி?”

அங்கம்மா மகனைப் பார்த்தார். பிறகு முனுசாமி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “அவரு ஒத்துக்குவாரா?”

ஒரு தோட்டமே அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. என் வாழ்க்கை அந்த மனுஷன் வாயில் இருந்தது. அவர் காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாக்கியம் அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

“நான் செத்தே போயிடுறேங்க. வீட்டுக்குள்ள போனா எப்படியும் இவ கொன்னுருவா.”

முதலில் சிரித்தது அங்கம்மாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். செத்தவர் செத்தவராகவே இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு வரக் கூடாது, மணவறைப் பக்கம் தலையே காட்டக் கூடாது. பரிசம் அடுத்த ஞாயிறு போட்டார்கள்.

கல்யாணத்துக்கு மேளம் அடிக்க அண்ணனை விட்டால் ஆள் இல்லை. அவசரகாலத்தில் வெளித்தோட்டத்திலிருந்து மேளக்காரரைக் கொண்டுவர யார் பெர்மிட் தருவார்கள்? ஷீட் காயவைக்கும் புகைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அடித்தார். தாலி கட்டுகிற நேரம் அங்கிருந்து தெரியாது என்று, பாக்கியம் அக்கா முந்தானையை ஆட்டிக் காட்டினார், உடனே கெட்டிமேளம் புகையோடு வந்தது. அக்கா எனக்குத் திருநீறு பூசிவிட்டு, “நல்லாரு, என் சக்களத்தி” என்றார். அந்த முறையைக் கடைசிவரை அவர் விடவில்லை.

கோலா பிலா பக்கம் குடிபோன மூன்றாம் மாதம் அந்த வேன் மறுபடியும் வந்தது. ஆசையாகப் புறப்பட்டேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டார். “புருஷன் உசிரோட இருக்கிறப்ப நீ தாலி அறுக்கிறத நீயே பாப்பியா? உள்ள போ!” வீட்டுக்குள் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் என் அழுகையை நானே கேட்டேன். கேட்டபோது எனக்கே திக்கென்று இருந்தது. இந்தக் கதை எங்கேயோ ஒருத்திக்கு நிஜமாக நடந்தது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். அவளுக்கு அழச் சீனி தேவைப்பட்டிருக்காது. நடிப்பு என்று தெரிந்தும், மாமியார் மறுபடியும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு விட்ட படம்தான், பிறகு என் கண்ணில் படவே இல்லை.

முனுசாமி அண்ணன் நிஜமாகச் செத்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து. தகவல் வந்ததும் நானும் இவரும் போனோம். எனக்கு அழுகையே வரவில்லை, விக்கித்துப்போய் நின்றேன். பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். “நீ முன்னாடியே அழுது பழகினவ. எனக்கு இதான் மொத தடவ. கூட உக்காரு” என்றார். அதற்குப் பிறகு நான் அழுதேன். சத்தமே வராத அழுகை.

திரும்பி வரும்போது காரை இவர்தான் ஓட்டினார். மந்தின் கடைத்தெரு தாண்டியதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“படத்துல இதவிட நல்லா அழுதே.”

“சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து பேசுற பேச்சா இது?”

“அந்த அழுகையப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு லோரி எடுத்துட்டு வந்தேன். நமக்கும் இப்படி அழ ஒரு ஆளு வேணும்னு தோணுச்சு. நான் போறப்ப அதுமாதிரி அழு. இன்னைக்கு மாதிரி அழுதேன்னு வையி, எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

இப்போதும் இவருக்கு லேசாக ஒரு தும்மல் வந்தால் போதும், என் பிள்ளைகள் சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிடுகிறார்கள்.